கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறோம், நாயையும் பூனையையும் என்ன செய்வது?

வாசகர் கேள்விக்குக் கால்நடை மருத்துவரின் பதில்

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. கணவன், மனைவி இருவரும் ஐ.டி. வேலையில் இருக்கிறார்கள். வாசகிக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். கணவர் சென்னைக்காரர், இந்து. வீட்டில் மணி என்று ஒரு நாட்டு நாய். நான்கு வயது, 18 கிலோ. தெருவில் குட்டியாகக் கிடைத்தவன். கூடவே மிளகு என்று ஒரு ஆண் பூனை, கருத்தடை செய்தது, உலர் தீவனம் மட்டும் சாப்பிடும்.

போன வருடம் மணியை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் கிறிஸ்துமஸுக்கு இருவருமே ஊருக்குப் போகவில்லை. அம்மாவுக்கு அது பெரிய வருத்தம். “நாய்க்காக வீட்டுக்கு வராதவ, நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னாலும் இதத்தான் சொல்லுவ” என்று சொல்லிவிட்டாராம். இந்த வருடம் கட்டாயம் போக வேண்டும். மணியையும் காரில் கூட்டிப்போகலாம் என்பது வாசகியின் எண்ணம். “கொண்டு வா, ஆனா வீட்டுக்குள்ள வேண்டாம், பின்னால கிணத்தடியில கட்டிப் போடலாம்” என்கிறார் அம்மா. அங்கே அக்காவின் பத்து மாதக் குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கிறது. கணவரோ, “நான் இங்கயே இருந்து ரெண்டையும் பாத்துக்கறேன், நீ போயிட்டு வா” என்கிறார். ஒவ்வொரு விசேஷத்துக்கும் அவர் இதையே சொல்வதாக வாசகி ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே வேறு விஷயத்துக்குப் போய்விட்டார்.

பூனைக்கு ஐந்து நாள் தீவனத்தைக் கொட்டி வைத்துவிட்டுப் போனால் போதும் என்பது மாமியாரின் யோசனை. பயணத்தில் அரை அவில் மாத்திரை கொடுத்தால் மணி தூங்கிவிடும் என்பது பக்கத்து வீட்டுக்காரரின் யோசனை. கணவரின் நண்பர் ஒருவரும் அவர் மனைவியும் மணியைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளத் தயார். அவர்களிடம் ஒரு ஆண் லாப்ரடார் இருக்கிறது. தீபாவளிக்கு மணி இரண்டு நாள் பாத்ரூமை விட்டு வெளியே வரவில்லை, சாப்பிடவில்லை என்பதையும் கடிதத்தின் கடைசியில் பின்குறிப்பாகச் சேர்த்திருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

அந்தப் பின்குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது.

நாகர்கோவில் பக்கத்தில் கிறிஸ்துமஸ் எப்படி இருக்கும் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. டிசம்பர் தொடக்கத்திலேயே தெருத்தெருவாக ஸ்டார் தொங்கும், குடில் போட்டிகள் நடக்கும், ட்ரம் அடித்துக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் வரும், தாத்தா வேடம் போட்டவர் வீட்டு வாசலில் நின்று ஆடுவார். 24ஆம் தேதி ராத்திரி பூசை முடிகிற நேரத்துக்கு வெடி. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இரவு 11.55 முதல் 12.30 வரை மட்டும் வெடிக்கலாம் என்று நேரம் குறித்தது. தெருவில் வெடிக்கிற பையன்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது அந்த ராத்திரியை மணியின் பக்கமிருந்து பாருங்கள். பழக்கமில்லாத வீடு, பழக்கமில்லாத வாசனை. பதினொரு மணிக்கு வீட்டில் இருக்கும் எல்லோரும் புதுத்துணி உடுத்திக்கொண்டு பூசைக்குக் கிளம்பிவிடுவீர்கள். தனக்குத் தெரிந்த இரண்டு பேரும் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஊரே வெடிக்கும். மனிதக் காது ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாயின் காது அதைவிட இரண்டு மடங்குக்கு மேலான அதிர்வெண் வரை கேட்கும். சொந்த வீட்டு பாத்ரூமிலேயே இரண்டு நாள் ஒடுங்கிக் கிடந்தவன் அங்கே என்ன செய்வான்?

சரி, இரண்டு பேரில் ஒருவர் பூசைக்குப் போகாமல் வீட்டில் இருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அந்த ஒருவர் யாராக இருப்பார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதனால் என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு மணி சென்னையில் இருக்கட்டும். மிளகும் சென்னையில், தன் வீட்டிலேயே இருக்கட்டும். நீங்கள் இருவரும் ஊருக்குப் போய் வாருங்கள். கிறிஸ்துமஸ் ராத்திரி சென்னையில் தேவாலயங்களை ஒட்டிய சில தெருக்களைத் தவிர்த்துப் பெரிய வெடிச் சத்தம் இருக்காது. இங்கே பயப்பட வேண்டிய ராத்திரி டிசம்பர் 31. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மணியை விட்டுப் போவது அவனுக்குச் செய்யும் துரோகம் என்று எழுதியிருக்கிறீர்கள். கூட்டிப்போவதில் உங்களுக்கு இருக்கும் நிம்மதியையும் மணிக்கு இருக்கும் நிம்மதியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நாய்க்கு ஐந்து நாள் பிரிவு சமாளிக்கக்கூடியது. நேரத்துக்குச் சாப்பாடு, நடை, தெரிந்த ஆள், தெரிந்த படுக்கை இருந்தால் முதல் நாள் வாசலைப் பார்த்துக் கிடக்கும், இரண்டாம் நாள் தட்டைக் காலி பண்ணும். வெடிப் பயம் அப்படி இல்லை. ஒவ்வொரு முறை பயப்படும்போதும் அந்தப் பயம் கூடிக்கொண்டே போகும் நாய்களைத்தான் கிளினிக்கில் அதிகம் பார்க்கிறோம்.

கிணற்றடி யோசனை பற்றி

அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் ஊர் வீடுகளில் நாய் என்றால் வெளியே இருப்பது, அவ்வளவுதான். ஆனால் வெடிச் சத்தத்துக்குப் பயப்படும் நாயைக் கட்டிப் போடுவது மற்ற எல்லா வழிகளையும் விட மோசமானது. பயந்த நாய் ஓடப் பார்க்கும். கட்டியிருந்தால் கயிற்றோடு போராடும். கழுத்து இறுகும், பல் உடையும், நகம் பிய்யும். மதில் மேல் தாவி மறுபக்கம் தொங்கிப் போன நாய்களும் உண்டு. கிணற்றுப் பக்கம் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் நியாயமற்ற நேரம் விலங்கைக் கட்டி வைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11ஆவது பிரிவின்படி குற்றம். இதை அம்மாவிடம் சொல்லிச் சண்டை போடுவதற்காகச் சொல்லவில்லை. தயவுசெய்து சொல்லாதீர்கள், அப்புறம் அடுத்த கிறிஸ்துமஸும் போய்விடும்.

அம்மாவிடம் பேசும்போது நாயிலிருந்து தொடங்காதீர்கள். “23ஆம் தேதி காலையில நாங்க ரெண்டு பேரும் அங்க இருப்போம்” என்பது முதல் வாக்கியமாக இருக்கட்டும். மணி எங்கே தங்குகிறான் என்பதெல்லாம் அவர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். அவருடைய வருத்தம் நாயின் மேல் இல்லை என்று கடிதத்தைப் படித்தவரையில் எனக்குத் தோன்றுகிறது.

காரா, ரயிலா?

மணி வரப்போவதில்லை என்றாலும் இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பிறகு ஒரு சமயம் உதவும். சென்னையிலிருந்து நாகர்கோவில் சாலை வழியாக ஏறக்குறைய 700 கிலோமீட்டர். விடுமுறை நெரிசலில் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. இதுவரை வேளச்சேரியிலிருந்து உங்கள் டாக்டரின் கிளினிக் வரை மட்டுமே காரில் போயிருக்கும் நாயை முதல் முறையே அவ்வளவு தூரம் ஏற்றக் கூடாது. முதலில் அரை மணி நேரம், அப்புறம் மகாபலிபுரம் வரை என்று பழக்கிக்கொண்டு வர வேண்டும். கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இறக்கித் தண்ணீர் கொடுங்கள். இறக்குவதற்கு முன்பே கயிற்றை மாட்டிக்கொள்ளுங்கள். ஹோட்டலில் சாப்பிடும் நேரம் நாயைக் காரில் பூட்டி வைக்கவே கூடாது. டிசம்பர் வெயில்தானே என்று நினைக்க வேண்டாம், மூடிய காருக்குள் சூடு வெகு சீக்கிரம் ஏறும்.

ரயிலில் நாயை உங்களோடு வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் முதல் வகுப்பில் இரண்டு பேர் கூபே அல்லது நான்கு பேர் கேபின் முழுவதும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். ஸ்லீப்பரிலும், இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏ.சி. பெட்டிகளிலும் அனுமதி இல்லை. தடுப்பூசிச் சான்றும், கிளம்புவதற்குச் சற்று முன் டாக்டரிடம் வாங்கிய உடல்தகுதிச் சான்றும் எடுத்துக்கொண்டு பார்சல் அலுவலகத்தில் கட்டணம் கட்டிப் பதிய வேண்டும். கூபே கேட்டாலும் கிடைக்கும் என்று உறுதி இல்லை, சார்ட் போடும்போதுதான் தெரியும். இன்னொரு வழி கார்டு வேனில் இருக்கும் நாய்ப் பெட்டி. இரும்புக் கூண்டு, தடதடப்பு, இருட்டு, ராத்திரி முழுக்க. சத்தத்துக்குப் பயப்படும் நாய்க்கு அதை நான் ஒருபோதும் எழுதித் தர மாட்டேன். தவிர, 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. கிறிஸ்துமஸ் டிக்கெட் அக்டோபர் கடைசியிலேயே போய்விட்டிருக்கும். உங்கள் இருவருக்கும் டிக்கெட் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

அரை அவில் வேண்டாம்

அவில் அலர்ஜி மருந்து. அதில் வரும் தூக்கம் பக்கவிளைவு. உடம்பு தள்ளாடும், பயம் அப்படியே இருக்கும். சில நாய்களுக்கு நேர்மாறாகப் பரபரப்பு கூடுவதும் உண்டு. கால்நடை மருத்துவத்திலேயே நீண்ட காலம் கொடுக்கப்பட்டு வந்த அசிப்ரோமசின் மருந்தை இன்று வெடிப் பயத்துக்குத் தனியாகக் கொடுக்கத் தயங்குகிறோம். நாய் அசையாமல் கிடக்கும். பார்க்கிறவர்கள் அமைதியாகிவிட்டது என்று நினைப்பார்கள். உள்ளே அது எல்லாவற்றையும் கேட்டுப் பயந்துகொண்டுதான் இருக்கும், எழுந்து ஓட மட்டும் முடியாது.

பயத்தையே குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. ட்ரசடோன், கபாபென்டின் போன்றவை. நாயின் எடை, ஈரல், சிறுநீரகம், இதயம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் அளவு சொல்ல முடியும். அதனால் இங்கே அளவு எழுத மாட்டேன். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். எதைக் கொடுத்தாலும் தேவைப்படும் நாளுக்கு முன்பு ஒரு சாதாரண நாளில், நீங்கள் வீட்டில் இருக்கும்போது, ஒரு முறை கொடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

பயந்து நடுங்கும் நாயைக் கொஞ்சினால் பயம் கூடிவிடும், கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்று எங்கோ படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. பயம் என்பது பரிசு கொடுத்து வளர்க்கும் பழக்கம் இல்லை. பக்கத்தில் வந்து ஒண்டினால் தடவிக் கொடுங்கள். பாத்ரூமில் ஒளிய விரும்பினால் இழுத்து வெளியே கொண்டு வராதீர்கள். அங்கேயே படுக்கையும் தண்ணீரும் வைத்துவிடுங்கள்.

நண்பர் வீடா, உங்கள் வீடா?

நண்பரும் அவர் மனைவியும் முன்வந்தது பெரிய விஷயம். ஆனால் அவர்களிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். மணியை அங்கே அனுப்புவதற்குப் பதில், இருவரில் ஒருவராவது அந்த ஐந்து ராத்திரியும் உங்கள் வீட்டில் வந்து தூங்க முடியுமா? அப்படி நடந்தால் மணி, மிளகு இரண்டு பேருக்கும் ஒரே ஏற்பாடாக முடிந்துவிடும்.

முடியாது, அவர்கள் வீட்டில்தான் என்றால், இரண்டும் ஆண் நாய்கள் என்பதை மறக்க வேண்டாம். மணிக்குக் கருத்தடை ஆகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. கருத்தடை ஆகியிருந்தாலும் இன்னொரு நாயின் வீட்டுக்குள் நேராகக் கொண்டுபோய் விடக் கூடாது. இரண்டு நாய்களும் முதலில் வெளியே, இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத தெருவில் அல்லது மைதானத்தில், கயிற்றோடு சேர்ந்து நடக்கட்டும். இரண்டு, மூன்று முறை நடந்த பிறகு வீட்டுக்குள் விடுங்கள். சாப்பாட்டுத் தட்டு தனித்தனி அறையில். எலும்பு, பொம்மை எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. இந்தச் சண்டைகள் பெரும்பாலும் சாப்பாட்டில்தான் தொடங்கும். டிசம்பர் 23க்கு முன்பு ஒரு சனி, ஞாயிறு மணியை அங்கே ஒரு ராத்திரி தூங்க வைத்துப் பாருங்கள். அந்த ஒரு ராத்திரியில் எல்லாம் தெரிந்துவிடும்.

போர்டிங், அதாவது பணம் கட்டி நாயைத் தங்க வைக்கும் இடம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் நல்ல இடங்கள் நிரம்பியிருக்கும். நேரில் போய்ப் பார்க்காமல் போனில் பேசி முடிக்காதீர்கள். நாய்கள் தூங்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். தடுப்பூசி அட்டையைக் கேட்காமல் நாயைச் சேர்த்துக்கொள்ளும் இடமும் வேண்டாம். உங்களிடம் கேட்காதவர்கள் மற்றவர்களிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எங்கே தங்கினாலும் சில காரியங்களை டிசம்பர் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். மணிக்கு வெறிநாய்த் தடுப்பூசி குட்டியாக இருந்தபோது போட்டது, அது போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். போதாது. ஒவ்வொரு வருடமும் போட வேண்டும். சென்னை மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமத்துக்கும் அந்தச் சான்று தேவை. எலிக்காய்ச்சல் சேர்ந்த தடுப்பூசியும் வருடா வருடம் உண்டு. மழை முடிந்து தெருவில் தண்ணீர் தேங்கி நிற்கும் இந்தக் காலத்தில் அது முக்கியம். உண்ணி மருந்தின் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மைக்ரோசிப். “சிப் போட்டிருக்கிறோம், தொலைந்தால் எங்கே இருக்கிறான் என்று போனில் பார்த்துக்கொள்ளலாம்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிப்பில் ஜி.பி.எஸ். கிடையாது. பேட்டரியும் கிடையாது. ஸ்கேனரைப் பக்கத்தில் காட்டினால் ஒரு எண் வரும், அவ்வளவுதான். மணி கதவு திறந்த நொடியில் ஓடிவிட்டால் அவனைப் பிடிப்பவரிடம் ஸ்கேனர் இருக்காது. கழுத்துப் பட்டையில் உங்கள் போன் எண்ணும் நண்பரின் போன் எண்ணும் பொறித்த தகடு இருக்கட்டும். தெருவில் வளர்ந்த நாய்க்கு ஓடுவது மறக்காது. நண்பர் வீட்டில் 24ஆம் தேதி விருந்து வைத்து ஆட்கள் வந்து போகும் திட்டம் இருந்தால், அந்த நேரம் மணி கதவு சாத்திய அறையில் இருக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

நண்பரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்: எத்தனை கிராம், எத்தனை வேளை, எந்த மாத்திரை, எந்த டாக்டர், விடுமுறை நாளில் திறந்திருக்கும் ஆஸ்பத்திரி எது. அவசரம் என்றால் எவ்வளவு வரை உங்களைக் கேட்காமலே செலவு செய்யலாம் என்பதையும் எழுதுங்கள். நீங்கள் பூசையில் போனை அணைத்து வைத்திருக்கும் நேரத்தில்தான் அந்தத் தேவை வரும்.

மிளகுக்கு ஐந்து நாள் தீவனம்

மாமியாரின் யோசனையை நம் ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். பூனை தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. வீட்டை விட்டுப் போகாமல் அங்கேயே இருப்பது பூனைக்கு நல்லது என்ற வரையில் அவர் சொல்வது சரி. மிளகை எங்கும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், நண்பர் வீட்டுக்குக்கூட வேண்டாம். ஆனால் ஐந்து நாள் யாருமே எட்டிப் பார்க்காமல் விடக் கூடாது.

உலர் தீவனம் மட்டும் சாப்பிடும் ஆண் பூனைக்கு வரும் மிகப் பெரிய ஆபத்து மூத்திரக் குழாய் அடைப்பு. வீட்டில் ஆள் மாறுவது, தண்ணீர் குறைவது, மண் தட்டு அழுக்காவது எல்லாம் அதைத் தூண்டும். அடைத்துவிட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மண் தட்டில் முக்கிக்கொண்டு உட்காரும், கத்தும், ஒன்றும் வராது. மலச்சிக்கல் என்று நினைத்துக் கடந்து போய்விடுகிறார்கள். இன்னொன்று, பூனை இரண்டு, மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து பழுதாகத் தொடங்கும், குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம். தட்டில் கொட்டி வைத்த தீவனத்தைச் சாப்பிட்டதா இல்லையா என்று யார் பார்ப்பது?

ஆகவே தினம் ஒருவர் வர வேண்டும், இரண்டு முறை வந்தால் நல்லது. வருபவர் கொஞ்ச வேண்டும் என்றில்லை. மண் தட்டில் மூத்திரக் கட்டி இருக்கிறதா, தீவனம் குறைந்திருக்கிறதா என்று பார்த்துத் தண்ணீரை மாற்றினால் போதும். கிளம்புவதற்கு முன்பு வீட்டில் ஸ்டார், மரம் என்று அலங்கரித்திருந்தால் ஜிகினாச் சரங்களைக் கழற்றிவிடுங்கள். பூனை விழுங்கினால் குடலை வெட்டி எடுக்க வேண்டி வரும். பொக்கேயில் லில்லிப் பூ இருந்தால் வீட்டுக்குள்ளேயே வேண்டாம். பூ, இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எதுவும் பூனையின் சிறுநீரகத்துக்கு விஷம். சிவப்பு இலையுள்ள பாய்ன்செட்டியா பற்றிப் பயப்படுகிறீர்கள். அது வாயில் எரிச்சலும் கொஞ்சம் வாந்தியும் தரும், அதற்கு மேல் இல்லை.

கேக்கும் எலும்பும்

போன வருடம் பக்கத்து வீட்டுப் பிளம் கேக் ஒரு துண்டு மணி சாப்பிட்டதாகவும், ஒன்றும் ஆகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தப்பித்தான், அவ்வளவுதான். திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். எந்த நாய்க்கு, எத்தனை திராட்சைக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு முறை ஒன்றும் ஆகாதது அடுத்த முறைக்கு உத்தரவாதம் இல்லை. பிளம் கேக்கில் அது போதாதென்று ரம்மில் ஊறிய பழங்களும் இருக்கும்.

சாக்லேட்டில் இருக்கும் தியோப்ரோமினை நாயின் உடம்பு மெதுவாகத்தான் வெளியேற்றும். மணியின் எடைக்குச் சாதாரண மில்க் சாக்லேட் தோராயமாக 180 கிராம் போனால் வாந்தியும் படபடப்பும் தொடங்கலாம். கோகோ பவுடர் என்றால் 20 கிராமே அந்த அளவைத் தொட்டுவிடும். வெங்காயம், பூண்டு சேர்ந்த மசாலா ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், பூனைக்கு இன்னும் மோசம். சுகர்ஃப்ரீ சூயிங்கத்தில் சைலிட்டால் இருந்தால் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கும். பிரியாணியில் வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குத்தும். டிசம்பர் 26 காலை எங்கள் கிளினிக் வாசலில் நிற்கும் நாய்களில் பெரும்பாலானவை கொழுப்புக் கறியைத் தின்று கணையம் வீங்கியவைதான். “பாவம், அதுக்கும் பண்டிகைதானே” என்று கொடுத்தது.

நண்பர் வீட்டில் ஏதாவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லாதீர்கள். அந்த உப்பே மூளையைத் தாக்கும். என்ன தின்றது, எவ்வளவு, எப்போது என்று சொல்லி உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்துவிடலாம்.

அக்காவின் குழந்தை

மணி இப்போது போகாததால் இது உடனடிக் கேள்வி இல்லை. ஆனால் கோடையில் கூட்டிப்போக ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல யோசனை, வெடி இல்லாத காலம். அப்போது குழந்தை நடந்துகொண்டிருக்கும். நடக்கத் தொடங்கிய குழந்தையின் முகம் நாயின் வாய் உயரத்தில் இருக்கும். மணி யாரையும் கடித்ததில்லை என்கிறீர்கள். குழந்தை வாலைப் பிடித்து இழுத்ததும் இல்லையே இதுவரை. பெரியவர் ஒருவர் இரண்டு பேருக்கும் நடுவே இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஒரே அறையில் விட வேண்டாம். மணி உறுமினால் திட்டாதீர்கள், அது எச்சரிக்கை. திட்டித் திட்டி உறுமலை நிறுத்தினால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

நகம் பட்டு லேசாகக் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படும் ஊசிக்கு 0, 3, 7, 28 என்று நான்கு நாட்கள். வளர்ப்பு நாய்தானே, தடுப்பூசி போட்டதுதானே என்று நீங்களே முடிவு செய்யாமல் அந்த முடிவை டாக்டரிடம் விடுங்கள்.

உங்கள் கணவர் பற்றி

எனக்குத் தெரிந்ததெல்லாம் நாலு கால் விஷயம். ஆனாலும் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுச் சும்மா போக மனமில்லை.

“நான் பார்த்துக்கறேன், நீ போயிட்டு வா” என்பது அன்பாகவும் இருக்கலாம், தப்பிக்கவும் இருக்கலாம், இரண்டும் கலந்தும் இருக்கலாம். பழக்கமில்லாத வழிபாடு, தனக்குத் தெரியாத உறவுக்காரர்கள், ராத்திரி பூசையில் எப்போது எழ வேண்டும், எப்போது முட்டி போட வேண்டும் என்று தெரியாத சங்கடம். இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வதை விட, “மணிக்கு ஆள் வேண்டுமே” என்பது சுலபம். கிளினிக்கில் இப்படி நிறைய தம்பதிகளைப் பார்க்கிறேன். யாரோ ஒருவருக்கு நாய் லீவ் லெட்டராக இருக்கும்.

நான் மேலே சொன்ன ஏற்பாட்டைச் செய்துவிட்டால் மணியைக் காரணம் காட்ட முடியாது. அதற்குப் பிறகும் அவருக்குத் தயக்கம் இருந்தால், அதைக் குற்றச்சாட்டாக இல்லாமல் கேள்வியாகக் கேளுங்கள். ஐந்து நாளும் வேண்டாம், மூன்று நாள் வந்துவிட்டுத் திரும்பட்டும். பூசைக்கு வர வேண்டும் என்று கட்டாயமில்லை, 25ஆம் தேதி மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரோடும் உட்காரட்டும். இதை அம்மாவிடமும் முன்பே சொல்லி வைத்துவிட்டால், அங்கே போன பிறகு “மாப்பிள்ளை ஏன் பூசைக்கு வரல?” என்ற கேள்வி எழாது. ஒருவேளை அவர் வரவே விரும்பவில்லை என்று தெரிந்தால், அது உங்கள் இருவருக்கும் இடையில் பேச வேண்டிய விஷயம். மணியை அதில் இழுக்க வேண்டாம்.

திரும்பி வரும் தேதி

28ஆம் தேதி திரும்புவதாக எழுதிவிட்டு, டிக்கெட் கிடைக்காவிட்டால் ஜனவரி 1 வரை இருந்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். டிசம்பர் 31 ராத்திரி சென்னையில் எந்தப் பக்கம் போனாலும் வெடிதான். அந்த ராத்திரி மணி உங்களோடு இருக்க வேண்டும். 30ஆம் தேதிக்குள் வந்துவிடுங்கள், பஸ்ஸிலாவது வந்துவிடுங்கள்.

31 அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே நடக்கக் கூட்டிப்போய் மூத்திரம், மலம் முடித்துவிடுங்கள். சாப்பாட்டை ஏழு மணிக்குள் கொடுத்துவிடுங்கள். பத்து மணிக்கு ஜன்னல், பால்கனிக் கதவு எல்லாவற்றையும் சாத்தி, திரை போட்டு, ஃபேனை வேகமாக வைத்து, டி.வி.யைச் சாதாரணச் சத்தத்தில் ஓட விடுங்கள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் முதல் வெடிக்குக் காத்திருக்காமல் அவர் சொன்ன நேரத்துக்கே கொடுத்துவிடுங்கள். மிளகின் மண் தட்டையும் அதே அறைக்குக் கொண்டு வந்துவிடுங்கள். மறுநாள் காலை தெருவில் வெடிக் குப்பையை மணி முகர்ந்து தின்னாமல் கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.